தம்பி எடுத்துப்போன மிஷின் சத்தம்

ஏக்கா, கூடப்பொறந்த தம்பி உங்களைப் பாத்துத் ‘திருடி’ன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?

சும்மா சொல்லுங்க. திண்டுக்கல் போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். நீங்களும் ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டு வர்றீங்க, நானும் இவளை மடியில போட்டுத் தட்டிக்கிட்டுத்தான் வர்றேன். கன்னத்துல ரெண்டு வைப்பீங்களா, தலைமுழுகுவீங்களா? நான் ரெண்டும் செய்யல. ‘போடா நாயே’ன்னேன். அவன் போனை வச்சுட்டான். இன்னையோட பதினாறு நாள் ஆச்சு. வச்சவன் வச்சவன்தான், திரும்ப எடுக்கவே இல்ல.

என் பேரு நாகஜோதி. வடமதுரையில இருந்து மேற்கால நாலு கிலோமீட்டர் உள்ள போனா எங்க ஊரு. ஜாக்கெட் தைக்கிறேன். சாதா, லைனிங், ஆரி வேலை எல்லாம் உண்டு. எங்க சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பத்து முதுகுல ஆறு முதுகு என் கைவேலையாத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லல. வேணும்னா பின்னால நின்னு எண்ணிப் பாத்துக்கங்க.

இவ தன்ஷிகா. பதினோரு மாசம் முடியப்போகுது. வர்ற வெள்ளிக்கிழமை குலசாமி கோயில்ல முடியெறக்கிக் காது குத்துறோம். தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும், உங்களுக்குத் தெரியாததா? எனக்கு இருக்கிறது ஒத்தத் தம்பி. அவன்தான் ‘திருடி’ன்னு சொல்லிட்டு மெட்ராஸ்ல உக்காந்திருக்கான். என் மாமியார் சொல்லுது, “அதுக்கென்ன ஜோதி, உன் சித்தப்பா மகன் சும்மாதான இருக்கான், அவனை உக்கார வச்சாப் போச்சு”ன்னு. பஸ்ல சீட்டுப் பிடிக்கிற கதையா இது, அவன் இல்லைன்னா இவன்னு? கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில என் பிள்ளை அடுத்தவன் மடியில உக்காந்து அழுவுமா? விடுவேனா நான்?

நல்லவேளை அழாம தூங்குறா. இப்ப முழிச்சான்னா உங்க வளையலைத்தான் பிடிச்சு இழுப்பா.

தம்பி பேரு அழகுராஜா. சினிமாவுல இருக்கான். நடிகனான்னு கேட்டுறாதீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க, அவனுக்குக் கோவம் வந்துரும். சத்தம் பிடிக்கிற வேலை. படத்துல ஒருத்தன் சரளைக்கல்லு மேல நடந்து வந்தா நெறநெறன்னு கேக்குதுல்ல, அந்த நெறநெறப்பு இவன் வேலை. மழை பேஞ்சா அந்தச் சடசடப்பும் இவன் வேலை. இதுக்கெல்லாம் ஒரு ஆளு வேணுமான்னு நானும் கேட்டேன். “வேணும்க்கா”ன்னான். சரி, நாலு எழுத்துப் படிச்சவன், வேணும்ங்கிறான், இருந்துட்டுப் போகட்டும்.

போன வருசம் மாசியில வந்தான். இவ அப்ப என் வயித்துல. கையில ஒரு மைக்கு. கீரிப்பிள்ளை மாதிரி மேலெல்லாம் மயிரு. காது ரெண்டையும் மூடி ஒண்ணை மாட்டிக்கிட்டு, “அக்கா, ஃபேனை நிறுத்து”ன்னான்.

“நிறுத்துனா வேர்க்கும்டா. வயித்துப்பிள்ளைக்காரிடா நான்.”

“பத்தே நிமிசம்க்கா.”

பத்து நிமிசமா அது? கோழியை எல்லாம் பிடிச்சுப் பஞ்சாரத்துல அடைச்சான். பக்கத்து வீட்டுல போய் டிவியை நிறுத்தச் சொன்னான். தெருவுல ஐஸ்காரன் வந்தான், அவன் கையில காசைக் குடுத்து மணியடிக்காமப் போகச் சொன்னான். அப்புறம் என் முன்னால வந்து உக்காந்துக்கிட்டு, “தை”ன்னான்.

“என்னத்தைத் தைக்க?”

“எதையாச்சும் தை. நான் இருக்கிறதை மறந்துட்டுத் தை.”

எப்படி மறக்குறது? கீரிப்பிள்ளை மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்கு! அப்ப என்கிட்ட இருந்தது பழைய கால்மிஷின். மிதிச்சா ‘கீச்’சுங்கும். பெல்ட்டு அறுந்து நானே கம்பி போட்டு மாட்டுனது, அந்தக் கம்பி சக்கரத்துல ஏறுறப்ப ஒரு ‘டக்’. எண்ணெய் விடவான்னு கேட்டதுக்குப் பதறிப் போயிட்டான். “விட்றாதக்கா, அந்தக் கீச்சுதான் எனக்கு வேணும்”னான். கிறுக்கன். ஊருல எவனாச்சும் கீச்சு வேணும்னு கேப்பானா? சாயங்காலம் வரைக்கும் மிதிச்சேன். நாலு அடிபாவாடை தச்சு முடிச்சேன், அது ஒண்ணுதான் மிச்சம். இவ பொறந்தப்புறம் மிதிக்க முடியலன்னு மோட்டார் மாட்டிட்டேன். இப்ப அந்தக் கீச்சும் இல்ல, டக்கும் இல்ல.

ஒரு வருசம் ஓடிப்போச்சு. பங்குனி ஆரம்பத்துல ஒரு வியாழக்கிழமை போன் பண்ணுறான். “அக்கா, நாளைக்குப் படம் வருது. எனக்குத் தனிப்பேரு போட்ட மொதப் படம். வடமதுரைத் தியேட்டர்லயே போட்டிருக்காங்க. எல்லாரையும் கூட்டிட்டுப் போ. படத்துல ஒரு இடத்துல யாருமே பேச மாட்டாங்க, உன் மிஷின் சத்தம் மட்டுந்தான். கண்ணை மூடிக்கிட்டாவது உக்காந்து கேட்டுட்டு வாக்கா.”

“பிள்ளைக்கு ஊசி போட்டுக் காச்சலா இருக்குடா. பங்குனி உத்திரத்துக்குக் குடுக்க வேண்டிய ஜாக்கெட்டு மலை மாதிரிக் கிடக்கு”ன்னேன்.

“அப்ப ஒரு மாசம் பொறுத்துக்க. முறைப்படி போன்லயே வரும். அதுக்குக் காசை நானே கட்டிவிடுறேன், நல்ல ஹெட்போனும் வாங்கி அனுப்புறேன். அதுவரைக்கும் வேற எதுலயும் பாத்துறாத.”

சொன்னான்தான். இல்லைன்னு நான் சொல்லல. ஆனா ஆசைன்னு ஒண்ணு இருக்குல்ல? கூடப்பொறந்தவன் படம் வந்துருக்குன்னா ஒரு மாசம் யாரு பொறுப்பா?

படம் வந்த மறுநாள், சனிக்கிழமை காலையில என் வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஸ்டாண்டுல இருந்து ஒரு லிங்கைக் கொண்டுக்கிட்டு வந்தாரு. “ஏ ஜோதி, உன் தம்பி படம் அதுக்குள்ள வந்துருச்சு, ஓசி”ன்னாரு. அமுக்குனேன். படம் பாக்கணும்னா இந்த ஆப்பை ஏத்துன்னுச்சு. ஏத்துனேன். போட்டோவைப் பாக்க அனுமதி உண்டான்னுச்சு. உண்டு. பேருங்க நம்பருங்களைப் பாக்க? உண்டு. மெசேஜைப் பாக்க? அட, உண்டுங்கிறேன். வீட்டுக்கு வந்த ஆளு ஒவ்வொண்ணாக் கேக்கையில இல்லைன்னா சொல்லுவோம்? நடுவுல ஒரு தடவ, ‘இது உங்கள் சாதனத்திற்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்’னு வேற எழுத்து வந்துச்சு. தீங்கு விளைவிக்கும்னுதான் சிகரெட்டு அட்டையிலயும் போட்டிருக்கு, எங்க வீட்டுக்காரரு விட்டாரா?

நான் மட்டும் பாத்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. எனக்கு ஒரு நல்லது கிடைச்சா நாலு பேருக்குக் குடுக்கணும், அது என் வளப்பு. சொந்தக்காரங்க குரூப்பு, மகளிர் குழு குரூப்பு, என்கிட்டத் துணி குடுக்குறவங்க குரூப்பு, எல்லாத்துலயும் அந்த லிங்கைப் போட்டுவிட்டேன். ‘என் உடன்பிறந்த தம்பி அழகுராஜா சத்தம் பிடித்த படம். அனைவரும் கண்டு களிக்கவும். முற்றிலும் இலவசம்.’ நானே எழுதுனது. நல்லாயிருக்குல்ல?

அதோட விட்டேனா? சாயங்காலம் சமுதாயக்கூடத்து டிவியில போனை மாட்டி, நாப்பது பொம்பளைகளைக் கூட்டி உக்கார வச்சு, தட்டாம்பயறு சுண்டல் செஞ்சு குடுத்தேன். தம்பிக்காக! என் கைக்காசு, என் கேஸு, என் பயறு! தியேட்டருக்குக் கிளம்பிக்கிட்டு இருந்த எங்க அத்தை மகளுங்க அஞ்சு பேரைக்கூட வழியில மறிச்சு, “இங்க வாங்கடி, எதுக்கு அலையுறீங்க”ன்னு கூட்டிட்டு வந்தேன். எந்த அக்கா செய்வா?

படமா? என்னத்தைச் சொல்ல. தியேட்டர்ல உக்காந்து எவனோ போன்ல எடுத்திருக்கான். பாதிப் படத்துக்கு ஒருத்தன் தலை குறுக்க நிக்குது. பேரு போடுற இடத்துல தம்பி பேரைத் தேடுறேன், அதுக்கு மேல பெருசாச் சீட்டாட்ட விளம்பரம் ஓடுது. சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்புல வருது. யாரோ பொரி தின்னுறான். ஒருத்தன் இருமுறான். பேச்சே இல்லாம ஒரு இடம் வந்துச்சு, அப்ப ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துனது மட்டுந்தான் கேட்டுச்சு. “ஏண்டி, உன் தம்பி பிடிச்ச சத்தம் இதானா? பிள்ளை அழுகிற சத்தத்தை நல்லாத்தான் பிடிச்சிருக்கான்”னு குழுத் தலைவி சகாயமேரி அக்கா கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாளுக. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

எல்லாரும் உக்காந்து பாக்குறதை அப்படியே வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்புனேன். ‘பாருடா, ஊரே உன் படத்தைப் பாக்குது’ன்னு. சந்தோசப்படுவான்னு பாத்தா, ஒரு நிமிசத்துல போன் வருது.

“அக்கா, மிஷின் சத்தம் கேட்டுச்சா?”

“எந்த மிஷினு?”

நான் ‘அலோ, அலோ’ங்கிறேன். அப்புறம் சொல்லுறான், “ஊர்ல எவனோ திருடிப் பாத்தா வயிறுதான் எரியும். நீயுமாக்கா திருடிப் பாத்த?”

அப்படின்னா என்ன அர்த்தம்? திருடின்னுதான அர்த்தம்! நாப்பது பேருக்குச் சுண்டல் செஞ்சு குடுத்தவளைப் பாத்துச் சொல்லுற வார்த்தையா? நான் எவன் வீட்டுப் பூட்டை உடைச்சேன்? இதோ இந்த பஸ்ல நீங்களும் நானும் ஓசியிலதான் போறோம். கண்டக்டரு டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுப் போறாரு. அரசாங்கம் நம்மளைத் திருடின்னா சொல்லுது? அதுக்குக் காசை அவங்க கட்டுறாங்களா? அது சரிக்கா. இருந்தாலும் ஓசி ஓசிதான?

திருட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எங்க தெருவுலயே இருக்காளே ஒருத்தி, பூங்கொடின்னு. அவளும் தைக்கிறவதான். தைப்பூசத்துக்கு நான் ஒரு மயில் போட்டேன்க்கா. கழுத்து முதுகுல, தோகை கைக்கு இறங்குற மாதிரி. ஒம்பது நாள். பிள்ளையைத் தொட்டில்ல போட்டுக் காலால ஆட்டிக்கிட்டே ஊசி பிடிச்சேன். ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ வச்சேன். மூணாம் நாளு அதே மயிலு அவ வீட்டுக் கொடியில தொங்குது! அதே தோகை, ஆனா கண்ணை அரைகுறையாப் போட்டு, மயிலு சீக்குக் கோழி மாதிரி முழிக்குது. “ஏண்டி, கண்ணு அவிஞ்சு போக நான் உக்காந்து செஞ்சதை, நோகாம ஒரு நொடியில எடுத்துக்கிட்டியே, உனக்கு வெக்கமா இல்ல”ன்னு தெருவுல நிக்க வச்சுக் கேட்டேன். “போட்டோவைத்தான பாத்தேன், உன் ஜாக்கெட்டையா எடுத்தேன்”ங்கிறா. பேச்சைப் பாருங்க! அவ பாட்டுக்கு எடுத்ததுகூடப் பரவாயில்ல, மோசமாச் செஞ்சு என் மயிலு பேரைக் கெடுத்தாளே, அதைத்தான் என்னால தாங்க முடியல. அதுக்குப் பேரு திருட்டு.

ஏன் சிரிக்கிறீங்க? இல்ல, நீங்க சிரிச்சீங்க.

சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் போன் கொதிக்குது. இட்லிச்சட்டி மாதிரி. அதுபாட்டுக்குத் திறக்குது, மூடுது. பத்து மணிக்கு எங்க பெரியம்மா கூப்பிடுது, “ஏத்தா, காதணி விழாப் பத்திரிகை அனுப்பியிருக்கியே, அமுக்குனா ஒண்ணும் வரலையே”ன்னு. நான் எந்தப் பத்திரிகையையும் அனுப்பல. நாளு குறிச்சதோட சரி, பத்திரிகை இன்னும் அடிக்கவே இல்ல! அந்த ஆப்பு உள்ள உக்காந்து என் மெசேஜை எல்லாம் படிச்சிருக்கு. காது குத்துன்னு தெரிஞ்சுக்கிட்டு, என் பேருல, ‘எங்கள் இல்லக் காதணி விழா’ன்னு ஒண்ணைத் தயார் பண்ணி எல்லாருக்கும் அனுப்பியிருக்கு. ஜோதி பிள்ளைக்குக் காது குத்தாச்சேன்னு அத்தனை பேரும் அமுக்கியிருக்காங்க. அமுக்குன போனெல்லாம் கொதிக்குது. அங்க இருந்து அவங்கவங்க சொந்தத்துக்கும் என் பிள்ளை காது குத்துப் போயிருக்கு. தேனியில யாரோ முன்னப்பின்ன தெரியாதவரு கூப்பிட்டு, “விருந்து சைவமா, அசைவமா”ன்னு கேக்குறாரு!

அப்பயும் நான் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சாயங்காலம் சகாயமேரி அக்கா பத்துப் பேரோட வாசல்ல வந்து நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் சிரிப்பு போச்சு.

என் போன்ல எல்லாரு ஜாக்கெட்டும் இருக்கும். அளவு சரியா, கழுத்து இறக்கம் சரியான்னு போட்டுப் பாத்து, முதுகைத் திருப்பி எடுத்த போட்டோ. பேரு, அளவு எல்லாம் கீழயே எழுதி வச்சிருப்பேன். நான்தான் எல்லாத்துக்கும் ‘உண்டு, உண்டு’ன்னு அனுமதி குடுத்தேனே.

“அந்தப் போட்டோவெல்லாம் இப்ப எவன் கையிலடி இருக்கு?”ன்னுச்சு.

“எனக்கெப்படிக்கா தெரியும்?”

“உன்னை நம்பித்தானடி முதுகைக் காட்டுனோம்.”

கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது கத்தல. துணிப்பையை நீட்டி, “தைக்காததை எல்லாம் திருப்பிக் குடு”ன்னுச்சு. பதினேழு துணி போச்சு. நேரா எங்க போச்சுங்கிறீங்க? பூங்கொடி வீட்டுக்கு! என் மயிலைத் திருடுனவ வீட்டுக்கு! அவ வாசல்ல நின்னு என்னைப் பாத்து, “என்ன ஜோதி, படம் நல்லாயிருந்துச்சா”ங்கிறா. அடுத்த ஜென்மத்துல அவளுக்கு நான் மாமியாராப் பொறக்கணும்.

இவ்வளவுக்கும் யாரு காரணம்? தம்பிதான. அவன் படம் எடுக்காம இருந்தா நான் ஏன் தேடப்போறேன்?

செவ்வாக்கிழமை அந்தக் கோவத்துலயே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வடமதுரைத் தியேட்டருக்குப் போயிட்டேன். அப்படி என்ன பெரிய சத்தத்தைப் பிடிச்சுக் கிழிச்சுட்டான், கேட்டே தீருறதுன்னு. வாசல்ல ஒருத்தரு பசையைத் தடவி வேற போஸ்டரை ஒட்டிக்கிட்டு இருக்காரு. “அந்தப் படமாம்மா? நேத்தோட தூக்கியாச்சு. ஞாயித்துக்கிழமையே பதினோரு பேருதான். எல்லாரும் போன்லயே பாத்துட்டாங்களே”ன்னாரு. பாதிச் சுவத்துல பழைய போஸ்டரு இன்னும் இருந்துச்சு. கீழ பொடி எழுத்துல பேருங்க. அதுல அவன் பேரைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அவரு பசையைத் தடவிட்டாரு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, அதனால கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். அவ்வளவுதான்.

போன வாரம் என் வீட்டுக்காரரு போன்ல ஒரே ஒரு தடவ எடுத்தான். நான் பக்கத்துல நின்னு ஒட்டுக்கேட்டேன். “மச்சான், படம் ஓடலன்னதும் போன்ல போடுறோம்னவங்களும் இப்ப வேணாங்கிறாங்க. டைரக்டருக்கு அடுத்த படமும் நின்னு போச்சு, அவரை நம்பியிருந்த எனக்கும் வேலை இல்ல. மாமன் சீரு ஒண்ணுமில்லாம சபையில வந்து நான் எப்படி மடி குடுப்பேன்?”ங்கிறான். நான் போனைப் பிடுங்கி, “டேய்”ன்னேன். வச்சுட்டான். அதுல இருந்து அந்த நம்பரையும் எடுக்குறதில்ல. திமிரு. அக்கா செஞ்ச சுண்டலுக்கு ஒரு நன்றி உண்டா?

என் போன் திண்டுக்கல்ல சர்வீஸ் கடையில கிடக்கு. எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரியாகும்னுட்டான் கடைக்காரன். அழிச்சிட்டானாம், அதை வாங்கத்தான் போறேன். இவ குப்புற விழுந்தது, மொதத் தடவ சிரிச்சது, எல்லாம் அதுலதான் இருந்துச்சு. போகட்டும், பிள்ளை கையில இருக்கு. இன்னொரு தடவ சிரிக்காமலா போயிருவா?

அக்கா, உங்க கையில இருக்கிறது நல்ல போனாத் தெரியுதே.

அட, ஏன் பையை இழுத்து மூடுறீங்க? நான் எதையும் ஏத்த மாட்டேன். தொடக்கூட மாட்டேன், நீங்களே அடிங்க. நம்பரு எனக்கு மனப்பாடம். புது நம்பருன்னா எடுப்பான், வேலைக்கு யாரும் கூப்பிடுறாங்களோன்னு. எடுத்ததும் என் பேரைச் சொல்லிறாதீங்க. வெள்ளிக்கிழமை காலையில ஒம்பதரைக்கு மேல, பத்தரைக்குள்ளன்னு சொல்லுங்க. பட்டும் வேணாம், தட்டும் வேணாம். கம்மலை நானே எடுத்துட்டேன். கோயிலுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால அவன் சட்டைப்பையில போட்டுவிட்டுறேன், அவன் வாங்குனதாவே இருக்கட்டும், எவளுக்கும் தெரிய வேணாம். வெறும் மடியோட வந்தாப் போதும்னு சொல்லுங்க. நான் மன்னிப்புக் கேட்டதா மட்டும் சொல்லிறாதீங்க. நான் கேக்கல. யாரு பேசுறதுன்னு கேட்டா, திருடிக்குப் பக்கத்துச் சீட்டுன்னு சொல்லுங்க.

மணி அடிக்குதா? அடிக்குதா?

அக்கா, எடுத்தான்னா இன்னும் ஒண்ணே ஒண்ணு. வரும்போது அந்த மிஷின் சத்தத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.